சுப்ராவின் மீது இசையா?

சென்ற திங்கள் நம் தேவாரத்தில் ஒரு வலீமா விருந்துக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். அழைப்பிதழின் அடியில் ‘விருந்திசை மாலை’ என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தனர். நாற்பதே பேருக்கு இடம், மங்கிய விளக்கு, மூலையில் வயலின், தபேலா, கீபோர்டு. பெருநகர உணவு விடுதிகளில் இதுவே இன்றைய நாகரிகமாம். நம் பிள்ளைகள் அதைக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். பிரியாணி வந்தது. இசை எழுந்தது. ஒருவரும் செவி கொடுக்கவில்லை. ‘இன்னும் கொஞ்சம் தாளிச்சா’ என்ற குரலே தாளத்தை மீறி ஒலித்தது. வயலின் வாசித்த முதியவர், எல்லோரும் உண்டு எழுந்த பின்னர், கை கழுவும் குழாயருகே நின்றபடி உண்டதை நம் கண்ணால் கண்டோம்.

இசை ஆகுமா, ஆகாதா என்னும் பழைய வழக்கை நாம் இங்கே கிளறவில்லை. அதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. நம் ஹனபி நூல்கள் கருவியிசையில் கண்டிப்பானவை என்பதையும் மறைக்கவில்லை. நாம் எடுத்துக்கொண்டது அதனினும் சிறிய கேள்வி: உண்ணும் விரிப்பின் மேல் இசைக்கு என்ன வேலை?

அரபி மதரஸாக்களில் ஓதப்படும் ‘ஹிதாயா’ இதே கேள்வியை எடுத்துப் பேசுகிறது. விருந்துக்குச் சென்றவர் அங்கே பாட்டும் கூத்தும் இருக்கக் கண்டால், பாமரராயின் அமர்ந்து உண்ணலாம் என்கிறது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களும் ஒருமுறை இச்சோதனைக்கு ஆளாகிப் பொறுத்துக்கொண்டார்களாம்; பிறர் பின்பற்றும் நிலைக்கு அவர்கள் உயருமுன் நிகழ்ந்தது அது என்ற விளக்கமும் உடன் உண்டு. ஆனால் அந்தப் பாட்டு உணவு விரிப்பிலேயே நடக்குமாயின் பாமரரும் அமரலாகாது. முன்கூட்டியே அறிந்திருந்தாலோ, செல்லவே கூடாது.

அழைப்பிதழில் அச்சிட்டிருந்ததை நாம் படித்துத்தான் போனோம். ஆண்டுக்கணக்காக இந்நூலைப் பாடம் நடத்துகிற நாமே போனோம், அமர்ந்தோம், உண்டோம். பிறரைச் சாடும் முன் இதையும் எழுதிவிடுவது நியாயம்.

‘ஹனபி நூல்கள் வறட்சியானவை, ஞானிகளைக் கேளுங்கள்’ என்பார்கள். கேட்போம். இசை கேட்பதைச் சில நிபந்தனைகளோடு ஆகுமாக்கியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). ‘இஹ்யா’வின் இரண்டாம் கால்பகுதி உண்ணும் ஒழுக்கத்தில் தொடங்குகிறது, அதன் எட்டாம் நூல் இசை கேட்கும் ஒழுக்கம். இரண்டையும் அன்னார் தனித்தனியே வைத்தார்கள். காலம், இடம், கூட்டாளிகள் என்னும் மூன்றும் பொருந்த வேண்டும் என்ற ஜுனைத் பக்தாதி (ரஹ்) அவர்களின் கூற்றை விளக்குமிடத்தில், உணவு வந்திருக்கும் வேளையில் இசை கேட்பது பயனற்றது என்றே எழுதுகிறார்கள். தடுப்பவரும் அனுமதிப்பவரும் ஒன்றுபடும் இடம் அரிது, இங்கே ஒன்றுபட்டிருக்கிறார்கள்.

ஐரோப்பாவின் உயர்ந்த மரபு இது என்று படித்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வாதாடினார். உண்மைதான். ஜெர்மானியரான தெலமான் 1733-இல் ‘மேசை இசை’ என்றே ஒரு தொகுதி வெளியிட்டார். ஆனால் அந்த மரபில் இசைவாணரின் நிலை என்ன? 1761-இல் எஸ்தர்ஹாசி அரண்மனையில் பணியேற்ற ஹைடன், ஒப்பந்தப்படி சீருடை தரித்து, நாள்தோறும் முற்பகலிலும் பிற்பகலிலும் முன்னறையில் வந்து நின்று, இன்று இசை வேண்டுமா என்று ஆணை கேட்க வேண்டும். குழாயருகே நின்று உண்ட அந்த முதியவர் நமக்கு நினைவுக்கு வருகிறார்.

நம் அண்டை ஊர் பண்ணைப்புரம். 1943-இல் அங்கே பிறந்த இளையராஜா, தம் தமையனார் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராக மேடையேறிப் பாடியவர். அந்த மேடைகளின் முன் தரையில் அமர்ந்தவர்கள் கேட்கவே வந்தார்கள்.

நம் இல்லங்களிலும் சிறு கூட்டத்தின் இசை இருந்ததே! இஷா தொழுகைக்குப் பின் முன்கட்டில் ஜமுக்காளம் விரிப்பார்கள். மவ்லிது ஓதுவார்கள், சில வீடுகளில் உமறுப் புலவரின் சீறாவை ஒருவர் இராகத்தோடு படிக்க, மற்றொருவர் பொருள் சொல்வார். பக்கீர்சா வந்தால் தாயிராவின் ஒலி தெருமுனை வரை கேட்கும். பெண்கள் கதவுக்குப் பின்னிருந்து கேட்பார்கள். ஓதி முடித்து துஆ கேட்ட பின்னரே சுப்ரா விரிப்பு. பாடியவருக்கே முதல் இடம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஒரே சஹனில் கை வைத்து உண்பார்கள். பாடியவரின் கையும் அந்தச் சஹனில்தான் இருக்கும். அண்டை அயலார் ஏழைகளுக்கும் சோறு போகும்.

நாற்பது பேர் என்ற கணக்கில் விடுபட்டவர்கள் யார்? மாப்பிள்ளையின் சொந்தப் பெரியம்மா வீட்டாருக்கு அழைப்பில்லை. அவர்கள் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள். செல்வர்களை அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமாவின் உணவே உணவுகளில் தீயது என்ற கருத்து புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. அன்று வாசித்த இராகத்தை விட நமக்கு உறுத்தியது இதுவே.

வரும் மாதம் தம் மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கும் ஒருவர் நேற்று நம்மிடம் வந்து, தாமும் இத்தகைய மாலை வைக்கலாமா என்று கேட்டார். பாட்டு வேண்டுமாயின் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் திண்ணையில் வையுங்கள், பிறகு சுப்ரா விரியுங்கள், பாடியவரை உங்கள் பக்கத்தில் அமர்த்துங்கள், பெரியம்மா வீட்டையும் அழையுங்கள் என்றோம். மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.