கடலில்லா ஊரிற் கடல்

கடலைக் காண விழைவோர் நாகைக்கோ சென்னைக்கோ செல்லல் வேண்டுமென்பர். அரியலூரை அடுத்த வாரணவாசியிற் புதைபடிவ அருங்காட்சியகத்தைக் கண்டு மீண்ட யாம் அங்ஙனம் கூறத் துணியோம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலத்தைக் கடல் மூடியிருந்தது. மீன் காட்சிச்சாலையிற் கண்ணாடிக்கு அப்பால் உயிர்கள் நீந்தும். இங்கோ, ஆட்டுக்கிடாயின் கொம்பெனச் சுருண்ட அம்மோனைட்டுகளும் சிப்பிகளும் கல்லாய்க் கிடந்து தம் வரலாற்றை உரைக்கின்றன. அக்கடலில் அமிழ்ந்து கல்லான மரமொன்று, 18 மீட்டர் நீளத்தது, பெரம்பலூரைச் சார்ந்த சாத்தனூரில் உளது. புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதனைக் கண்டறிவித்தார்.

இப்பகுதிச் சுண்ணாம்புக்கல்லும் அக்கடல் ஈந்த செல்வமே. அதனை அகழ்ந்தே சிமெண்டு செய்கின்றனர். வீடும் வேண்டும், தொழிலாளர்க்குக் கூலியும் வேண்டும். ஆதலின் சுரங்கங்களை மூடுகவென்று யாம் சொல்லோம். ஆயின், அரைபட்ட படிவம் மீளாது. அகழுமிடத்தை அறிஞரொருவர் அவ்வப்போது நோக்குதலும், கிடைத்தவற்றை வாரணவாசியிற் சேர்த்தலும் அரிய செயல்களோ?

குற்றம் பிறரிடத்து மட்டுமன்று. காரை ஊரின் ஓடையிற் பொறுக்கிய சிப்பிக்கல்லொன்று எம் மேசைமீதும் அழகுப்பொருளாய்க் கிடந்தது. இவ்வாண்டு நாணத்தோடு அதனை அருங்காட்சியகத்தில் ஒப்புவித்தோம். மாணவ நண்பர்களே, உங்கள் பெட்டிகளையும் சற்றே திறந்து பாருங்கள். சிருஷ்டிகர்த்தர் எழுதிய ஏட்டிலிருந்து இதழொன்றைக் கிழித்து வைத்துக்கொள்ளுதல் கற்போர்க்கு அழகன்று.