நடந்து போக முடிந்தால்தான் நம்ம ஊர்

ஒரு காலத்தில் குடியிருந்த பெரிய ஊருக்கு வயதான பிறகு போய் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். அந்த தியேட்டர் இல்லை, அந்த ஓட்டல் இல்லை, எல்லாம் போச்சு! போன மாதம் நான்கு நாள் சென்னையில் இருந்துவிட்டு வந்தேன். அந்தப் பாட்டில் சேர்ந்துகொள்ள எனக்கு மனமில்லை. மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்து போனது. சபையர் தியேட்டரை இடித்துவிட்டார்கள். கட்டடம் என்றால் ஒருநாள் போகும், வேறொன்று வரும். நான் ஒரு ஊரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. எழுபது வயதுக்காரர் ஒருவர் தன் வீட்டிலிருந்து யார் துணையும் இல்லாமல் நடந்து வெளியே போய்த் திரும்ப முடிகிறதா?

புதுவையில் என்னோடு பிரெஞ்சில் படித்த பையன்களில் பலர் பிற்பாடு பாரிஸுக்குப் போனார்கள். எனக்கு வாய்த்தது பாரீஸ் கார்னர். 1972-ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்து, தகரப் பெட்டியோடு அங்கே பஸ்ஸை விட்டு இறங்கினேன். அப்போது வெளியூர் பஸ்களெல்லாம் பாரிமுனையில்தான் நிற்கும். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேருக்கு ஓர் அறை. மூன்றாவது சம்பளக் கமிஷன் வந்த பிறகுதான் அடிப்படைச் சம்பளம் 260 ரூபாய் ஆயிற்று. அதில் வீட்டுக்கும் பணம் அனுப்ப வேண்டும். அதனால் எங்கே போனாலும் நடைதான். அலுவலகத்துக்கு நடை, மெஸ்ஸுக்கு நடை, சாயங்காலம் பைகிராப்ட்ஸ் ரோடு வழியாக மெரினாவுக்கு நடை. பன்னிரண்டு வருஷம் அந்த ஊரை நான் என் காலால்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது திண்டிவனம் வழியாகப் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பஸ் நிலையம். பாரிமுனையிலிருந்து 30 கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து விமான நிலையம் வரை டவுன் பஸ், பிறகு மெட்ரோ ரயில். மெட்ரோவைக் குறை சொல்ல மாட்டேன். லிப்ட் இருக்கிறது, உட்கார இடம் கிடைக்கிறது. நாங்கள் வேர்க்க விறுவிறுக்க நடந்த மவுண்ட் ரோடுக்கு அடியிலேயே போய், அரசினர் தோட்டத்தில் மேலே வந்தேன். அதுவரை ராஜமரியாதை.

மேலே வந்து திருவல்லிக்கேணி பக்கம் திரும்பியதும்தான் சிரமம் தொடங்கியது. பிளாட்பாரம் சில இடங்களில் முழங்கால் உயரம். ஏறினால் பத்தடியில் டிரான்ஸ்பார்மர். இறங்கினால் வரிசையாக மோட்டார் சைக்கிள். அதையும் சுற்றிக்கொண்டு நடு ரோட்டுக்கு வந்தால் பின்னால் ஆட்டோ ஹாரன். இளவயதில் இருபது நிமிஷத்தில் கடந்த தூரத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

நான் பார்க்கப் போனது என் பழைய அறை நண்பனை. அந்தப் பக்கமே கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே தங்கிவிட்டவன். என் வயதுதான். "வாடா பாண்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் பீச்சுக்குப் போகலாமா என்றேன். சிரித்தான். "கடலைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சுடா. தெருமுனையில ஒரு தடவை விழுந்தேன். அதுக்கப்புறம் பையன் வெளியே விடமாட்டேங்குறான்." அவன் வீட்டிலிருந்து கடல் ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது.

சென்னையில் குடியிருக்கும் முதியவர்களுக்கு மாதம் பத்து இலவச பஸ் டோக்கன் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். அவன் மேஜை டிராயரில் அந்த டோக்கன்கள் அப்படியே கிடக்கின்றன. படி ஏற வேண்டாத தாழ்தள பஸ்களும் மறுபடி ஓடுகின்றன. ஆனால் பஸ் ஸ்டாப் வரைக்கும் போனால்தானே பஸ்ஸில் ஏற முடியும்? வீட்டு வாசலிலிருந்து ஸ்டாப் வரை உள்ள இருநூறு அடி சரியில்லையென்றால், அதற்கு மேல் செய்த செலவெல்லாம் நம் வயதுக்காரர்களுக்கு வீண்தான்.

"ஊர் பெருத்துவிட்டது, வண்டி பெருத்துவிட்டது, வயதானவர்கள் வீட்டில் இருப்பதுதான் பத்திரம்" என்பார்கள் சிலர். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே சென்னையில், கூட்டத்துக்குப் பேர் போன பாண்டி பஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை போட்டார்கள். (நம்ம பாண்டி இல்லை. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது அதன் முழுப் பெயர்.) மெரினா மணலில் சக்கர நாற்காலியும் அலைக்கு அருகே போகும்படி 2022-ல் மரப்பாதை அமைத்தார்கள். ஆக, மனம் வைத்தால் முடிகிறது. கடைத்தெருவில் முடிந்தது குடியிருக்கும் தெருவில் ஏன் முடியாது? கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. உயரம் குறைந்த, விட்டு விட்டுப் போகாத பிளாட்பாரம். நம் நடை வேகத்துக்கு ரோட்டைக் கடக்க சிக்னலில் இன்னும் கொஞ்ச நேரம். நடுவே உட்கார ஒரு பெஞ்சு.

விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வீட்டுக்குள் இருக்கும் மனிதருக்கு முதலில் போவது கால் பலம். அடுத்து நண்பர்கள் போகிறார்கள், பேச்சு குறைகிறது. ஆஸ்பத்திரிச் செலவு பிறகு தானாக வரும்.

நம் புதுவைக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி கிடையாது என்பது நமக்குப் பெரிய கொடைதான். ஆனால் நேரு வீதிப் பக்கமிருந்து அதுவரை நடந்து பாருங்கள், நான் சொல்வது புரியும்.

நீங்களும் என்றைக்காவது உங்கள் பழைய ஊருக்குப் போனால், எந்தக் கட்டடம் இருக்கிறது, எது இல்லை என்று கணக்கெடுக்காதீர்கள். நம் வயதுக்காரர்கள் எத்தனை பேர் தெருவில் தனியாக நடக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஊர் எப்படி இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.