நிழலுக்கும் வரியா?

பெரம்பலூர் வெங்காய மண்டியிலே மூட்டை சுமந்தவன், அரியலூர் சிமெண்ட் ஆலையிலே புழுதி குடித்தவன், சீட்டுப் போட்டுச் சேர்த்த காசில் ஒரு சிறு வீடு கட்டுகிறான். அந்த வீடு அவனுக்கு வாடகை தருகிறதா? இல்லை, நிழல் தருகிறது. அந்த நிழலுக்கும் ஏறுகிறது வரி!

வரியே கூடாதென்று நாம் வாதாடவில்லை. தெருவிளக்கு எரிய, குழாயில் நீர் வர, நகராட்சிக்குப் பணம் வேண்டும். சொத்து வரி வருவாயைப் பெருக்கினால்தான் மானியம் என்று நிபந்தனை போட்டது டில்லியின் 15ஆவது நிதிக்குழு. பாரம் இறங்கியது எவர் தலையில்?

2022இல் நகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 விழுக்காடு உயர்வு. 1800 சதுர அடியைத் தாண்டினால் 100 விழுக்காடு. சிறியவனுக்குச் சிறிது, பெரியவனுக்குப் பெரிது, முறைதான். ஆனால் 2024இல் வந்த 6 விழுக்காடு உயர்வு, சிறுவீடு மாளிகை என்று பேதம் பார்க்கவில்லை. ஆண்டுதோறும் 6 ஏறினால் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகும். கூலி இரட்டிப்பாகுமா?

அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டுவோருக்கு 5 விழுக்காடு தள்ளுபடி, 5000 ரூபாய் வரை! கையில் ரொக்கம் உள்ளவனுக்குச் சலுகை, வாரக் கூலிக்காரனுக்கு?

கேட்கிறோம்: சொந்தக்காரனே குடியிருக்கும் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு ஆண்டு உயர்வை நிறுத்துக! மாதத் தவணையில் வரி வாங்குக! தவணை தவறாதவனுக்கும் அதே தள்ளுபடி தருக!

தோழர்களே! வார்டு வார்டாகச் செல்லுங்கள். வரி ரசீதில் உள்ள அளவு சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். நகர்மன்றத்தின் காதில் விழும்வரை நம் குரல் ஓயலாகாது!