புகைக்குத் தடையில்லை, பழங்குடிக்குத் தடை!

தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விறகுக்கும் தேனுக்கும் செல்லும் பழங்குடி மக்கள் மீது வழக்குகள் பாய்கின்றன. ஆனால், அனல் மின் நிலையங்கள் கக்கும் கந்தக டை ஆக்சைடு எந்த அனுமதியுமின்றி அதே எல்லையைக் கடக்கிறது. அதற்கு ஒன்றிய பாஜக அரசு விலக்கே அளித்துவிட்டது.

இந்த வாயுவைக் கட்டுப்படுத்தும் விதிகள் 2015 டிசம்பரில் அறிவிக்கப்பட்டன. கந்தக நீக்கக் கருவிகளைப் பொருத்த அளிக்கப்பட்ட ஈராண்டு அவகாசம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. இறுதியில், 2025 ஜூலை அறிவிக்கை ஏறத்தாழ 78 சதவீத மின் அலகுகளை இக்கடமையிலிருந்தே விடுவித்தது. பத்து லட்சத்திற்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களும் தலைநகர் வட்டாரமும் முதல் வகை. கடுமையாக மாசடைந்த பகுதிகளும் காற்றுத் தர இலக்கை எட்டாத நகரங்களும் இரண்டாம் வகை. எஞ்சியவை அனைத்தும் மூன்றாம் வகை. இந்த வகைப்பாட்டில் புலிகள் காப்பகத்திற்கோ, சரணாலயத்திற்கோ, வனக் கிராமத்திற்கோ இடமே இல்லை.

மகாராஷ்டிரத்தின் தடோபா-அந்தாரி காப்பகம் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் 2,920 மெகாவாட் சந்திரபூர் அனல் மின் நிலையமும் உள்ளது. சந்திரபூர் 2009இலேயே கடுமையாக மாசடைந்த பகுதியாக அறிவிக்கப்பட்டதால்தான் அது இரண்டாம் வகையில் வருகிறது. காட்டின் பொருட்டு அல்ல.

விலக்குப் பெறும் நிலையங்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை புகைபோக்கியின் உயரம்தான். உயரமான புகைபோக்கி மாசை அழிப்பதில்லை. அருகில் விழுவதைத் தொலைவுக்கு அனுப்புகிறது. வழியில் கந்தக வாயு சல்பேட் நுண்துகளாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கிறது. மழையோடு இறங்கி மண்ணையும் நீரையும் அமிலமாக்குகிறது.

இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு என்கிறது அரசு. ஆனால் அதன் எரிதிறனும் குறைவு; ஒவ்வொரு யூனிட் மின்சாரத்திற்கும் கூடுதல் கரி எரிக்கப்படுகிறது என்பதை அது மறைக்கிறது.

மின் நிலையங்களை மூட வேண்டும் என்பதல்ல கோரிக்கை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் அங்கு உழைக்கும் தொழிலாளர்களே. பொதுத்துறை நிலையங்களுக்கு அரசு நிதி வழங்க வேண்டும். தனியார் முதலாளிகள் தம் லாபத்திலிருந்து செலவிட வேண்டும். மின் கட்டணத்தில் சுமத்தக் கூடாது. 2025 அறிவிக்கை திரும்பப் பெறப்பட வேண்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி காட்டைக் காக்கும் உரிமை கிராம சபைகளுக்கு உண்டு. காற்றைப் பற்றிய முடிவுகளிலும் அவற்றின் குரல் ஒலிக்க வேண்டும். அதற்கான போராட்டம், சுற்றுச்சூழல் ஆர்வலர்களுடையது மட்டுமல்ல. உழைக்கும் வர்க்கத்தின் போராட்டம்.