எங்களுக்குச் சாதி இல்லையாம்!

முதுகலையில் நான் எடுத்த பாடம், கல்வியில் சமூக நீதி. சமத்துவம், விளிம்புநிலை, பண்பாட்டுப் பன்மை எல்லாவற்றையும் பக்கம் பக்கமாய் எழுதித் தேறினேன். முனைவர் பட்டத்துக்குப் போன இடத்தில், நேர்காணல் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "கிறிஸ்தவத்துல ஏதும்மா சாதி? தலைப்பே தப்பாச்சே."

அன்று வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்தேன். இனி முடியாது.

சாதி இல்லையா ஐயா? எங்க ஊர்ல வந்து சொல்லிப் பாருங்க. எங்க பாட்டா ஞானஸ்நானம் பெற்றவர்தான், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனவர்தான். தோப்பு வேலைக்குப் போன வீட்டில் அவருக்குச் சிரட்டையில்தான் கஞ்சி ஊற்றினார்கள். ஊற்றியவர்களும் வேதக்காரர்கள்தான்! என் அக்காளைப் பெண் கேட்டு வந்தவர்கள் எந்தச் சபை என்று கேட்டார்கள், சரி. அடுத்து என்ன கேட்டார்கள், எழுந்து ஏன் போனார்கள், அதையும் நான்தான் ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டுமா?

நான் ஆராய நினைத்தது எங்கள் குமரி மாவட்டத்து மயிலாடியை. அந்த ஊரில் சாம்பவர் சாதியில் பிறந்த மகாராசன், தஞ்சாவூர்ப் பக்கம் போய் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பியவர். அவர் வேண்டி அழைத்துத்தான் 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே இந்த மண்ணுக்கு வந்தார். 1809இல் மயிலாடியில் பள்ளி. அது நாகர்கோவிலுக்கு நகர்ந்து செமினரியாகி, இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாய் நிற்கிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்று எல்லாரும் மார்தட்டுகிறோமே, அந்தக் கதவைத் தட்டியவர் யார்? அவர் சாதியில் பிறந்த பிள்ளை இன்று எந்த வாசலில் நிற்கிறாள்?

1950 ஆகஸ்ட் 10. குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்குத் திறந்தார்கள். 1990இல் பௌத்தருக்கும் திறந்தார்கள். எங்களுக்கு? அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னது ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், 2007இல். அதை எதிர்த்த உச்ச நீதிமன்ற வழக்கு 2004இலிருந்து கிடக்கிறது. 2023இல் நம் சட்டமன்றமே எங்களையும் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. இதை ஆராய 2022இல் அமைத்த பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள், அப்புறம் நீட்டிப்பு கொடுத்தார்கள். இன்னும் எத்தனை ஆணையம் வந்து எங்களை எண்ணிப் பார்க்க வேண்டும்?

பட்டியல் சாதியினருக்கான மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை கேட்டால், நான் சாதியில்லாதவள். சிறுபான்மையினருக்கு மௌலானா ஆசாத் பெயரில் ஒன்று இருந்தது, 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். பிற்பட்டோர் வரிசைக்குப் போ என்கிறார்கள். போனால் பக்கத்தில் நிற்பவன் யார்? பாட்டாவுக்குச் சிரட்டையில் ஊற்றிய வீட்டுப் பேரன். இருவரும் சமமாம்! மாநில அரசு கல்வி உதவியில் எங்களையும் சேர்க்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் உதவித்தொகை மேசையில் 'மதம் மாறிய ஆதிதிராவிடர்' ஆன நான், நாலடி தள்ளியிருக்கும் சேர்க்கை மேசையில் எப்படி வேறு ஆளானேன்? யாராவது அடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் கிடையாது. அடிக்கிறவனுக்குத் தெரிகிற சாதி சட்டத்துக்கு ஏன் தெரியவில்லை?

"இந்துன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கம்மா" என்று நல்ல மனசோடு காதில் ஓதியவர்களும் உண்டு. இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் அப்படிச் செய்தால் அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொய் சொன்னால் மோசடி, உண்மை சொன்னால் இடமில்லை. நான் என்னதான் சொல்லட்டும்?

திருச்சபைப் பெரியவர்களே, உங்களிடமும் கேட்கிறேன். ஆகஸ்ட் 10 ஆனால் எங்களுக்காகக் கறுப்புக்கொடி பிடிக்கிறீர்கள், நன்றி. அரசாங்கம் எங்களுக்கு இடம் தரவில்லை என்கிறீர்கள், உண்மைதான். உங்கள் கல்லூரிகளில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் பேராசிரியர்? எத்தனை பேர் முதல்வர்? கணக்கைக் காட்டுவீர்களா?