பிரம்புக்கு முன் ஒரு கேள்வி

வகுப்பில் ஒரு பையன் தூங்கி வழிகிறான். மற்றொருவன் அடுத்தவனை அடிக்கிறான். உடனே 'சோம்பேறி' என்றும் 'போக்கிரி' என்றும் பட்டம் சூட்டிவிடுகிறோம். காரணத்தை விசாரித்தோமா?

உணவு, உறக்கம், அபயம், அன்பு, மதிப்பு ஆகியவை மனிதனின் அடிப்படைத் தேவைகள் என்று அமெரிக்க மனோதத்துவ அறிஞர் மாஸ்லோ 1943-ல் வகுத்துக் கூறினார். அவற்றுள் பசியைப் போக்க, விருதுநகர் ஈன்ற காமராஜர் 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022-ல் காலை உணவும் சேர்ந்தது. ஆனால் வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா? 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆலைக்குச் சென்ற தாய் மாலையில் திரும்புவாளோ என்று கலங்கும் குழந்தைக்குக் கணக்கு எவ்வாறு ஏறும்?

மாணவரை அடிப்பதை 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்துவிட்டது. அது மட்டும் போதாது. "பசிக்கிறது", "பயமாயிருக்கிறது" என்று கூசாமல் சொல்லப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். தன் கோபத்தின் காரணத்தை அறிந்த சிறுவன் கை ஓங்குமுன் யோசிப்பான். இதற்கென்று தினந்தோறும் பாடத்துக்கு முன் பத்து நிமிஷம் ஒதுக்குமாறு கல்வி இலாகாவை வற்புறுத்துகிறோம். செலவில்லாத இச்சீர்திருத்தத்துக்குத் தாமதம் ஏன்?