திடலோரம் நிற்க வாரீர்!

ஒரு கல்லூரியின் தரத்தை அளக்க இன்று பல அளவுகோல்கள் உள்ளன. தேர்ச்சி விழுக்காடு, நூலகத்திலுள்ள நூல்களின் எண்ணிக்கை, தரமதிப்பீட்டுக் குழு வழங்கும் புள்ளி என அவை விரிகின்றன. இவற்றோடு மற்றோர் அளவுகோலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாளைய கருத்து. மாலை 5 மணிக்கு அக்கல்லூரியின் விளையாட்டுத் திடலில் எத்தனை பேர் ஆடுகின்றனர், எத்தனை பேர் நின்று பார்க்கின்றனர் என்பதே அது.

தமிழ்த்துறை மலரில் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் என்ன வேலை என்று சிலர் வினவலாம். நான் ஆட்டக்காரன் அல்லன். உடற்கல்வி பயின்றவனும் அல்லன். இரசிகன் என்ற ஒரே தகுதியோடுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன். வகுப்பறையின் கடைசி வரிசையில் தலைகவிழ்ந்து அமர்ந்திருக்கும் மாணவன், திடலில் பத்துப் பேரை வழிநடத்தும் தலைவனாக மாறுவதைக் காணும் பேறு, திடலுக்குச் செல்லும் ஆசிரியருக்கு மட்டுமே வாய்க்கிறது. மாணவனை முழுமையாக அறிய விரும்பும் ஆசிரியர் அவனை இரண்டு இடங்களிலும் காண வேண்டும்.

நம் அணிகள்

முதலில் நம் அணிகளைப் பற்றி மனம் திறந்து சொல்லிவிடுகிறேன். நம் பகுதிக் கல்லூரிகளின் கால்பந்து அணிகளுக்குக் கால்வலிமையில் குறைவில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையை வெறுங்காலுடன் நடந்து முடிக்கும் மக்களைக் காணும் ஊர் திருவண்ணாமலை; கால்களின் ஆற்றலை இவ்வூருக்கு யாரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. பந்து கிடைத்தவுடன் அதை வானளாவ உதைத்துவிட்டு, முன்களத்தில் நிற்கும் ஒருவரை நம்பியிருப்பதே நம் ஆட்டமுறையாக இருக்கிறது. அந்த ஒருவரை எதிரணியினர் இருவர் சூழ்ந்துகொண்டால் நம் ஆட்டம் முடிந்துவிடுகிறது. முதற்பாதியில் புயலென ஓடி, இறுதி 20 நிமிடங்களில் மூச்சிரைத்து நிற்பதும் வழக்கமாகிவிட்டது. எல்லாரும் கோல் அடிக்கவே விரும்புகின்றனர். தடுப்பாட்டத்திற்கும் கோல்கீப்பர் பொறுப்பிற்கும் முன்வருவார் அரியர்.

கூடைப்பந்தின் நிலையும் இதுவே. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில் ஐவர் ஆடும் ஆட்டம் அது. எழுவாயும் பயனிலையும் ஒன்றையொன்று அறியாமல் நின்றால் தொடர் பொருள் தராது. நம் ஐவரும் அவ்வாறுதான் சில வேளைகளில் நிற்கின்றனர். பந்தைப் பெற்றவர் அதைப் பிறருக்குத் தர மனமின்றித் தாமே எறிந்து பார்க்கிறார். யாரும் மறிக்காத நிலையில் அமைதியாக நின்று எறியும் ஃப்ரீ த்ரோ வாய்ப்புகளை நாம் வீணாக்குவதைப் போல வேதனை தருவது பிறிதில்லை. ஒவ்வொன்றும் ஒரு புள்ளிதான். ஆயினும் நெருங்கிய ஆட்டங்களின் முடிவை அந்த ஒற்றைப் புள்ளிகளே தீர்மானிக்கின்றன. நாள்தோறும் ஐம்பது முறை எறிந்து பழகுவதற்குத் திறமை வேண்டியதில்லை, பொறுமை போதும்.

இக்குறைகளுக்கு ஆட்டக்காரர்களை மட்டுமே பொறுப்பாக்குவது முறையன்று. யாரும் பார்க்காத ஆட்டத்தில் பந்தைப் பகிர்ந்தளித்தவரைப் பாராட்ட யாருமில்லை. மறுநாள் அறிவிப்புப் பலகையில் கோல் அடித்தவர் பெயர் மட்டுமே இடம்பெறுகிறது. நல்ல இரசிகர்கள் இல்லாத கல்லூரியில் நல்ல அணி உருவாவது கடினம் என்று நான் துணிந்து கூறுவேன்.

வரலாறு கூறும் பாடம்

நம் நாட்டுக் கால்பந்து வரலாறு இதற்குச் சான்று பகரும். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், கல்கத்தாவின் மோகன் பகான் அணி, ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு அணியை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. பதினொருவரில் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். 1891இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934இல் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முதல் இந்திய அணி என்னும் சிறப்பைப் பெற்று, 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அப்பட்டத்தைத் தக்க வைத்துக்கொண்டது.

இந்தியக் கால்பந்தின் பொற்காலத்தை உருவாக்கியவர் ஓர் ஆசிரியர் என்பதை எண்ணி நாம் பெருமை கொள்ளலாம். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய சையது அப்துல் ரஹீம் அவர்களே அவர். அவரது பயிற்சியில் இந்தியா 1951இல் டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று மீண்டும் தங்கம் கொணர்ந்தது. அந்த இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பராக நின்றவர் தமிழரான பீட்டர் தங்கராஜ். தலையில் தையலிட்ட காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங் தடுப்பாட்டக்காரர். அணியின் தேவை கருதி முன்களத்திற்கு மாற்றப்பட்டு, ஒரு கோலும் அடித்தார். ‘எனக்கு இந்த இடம்தான் வேண்டும்’ என்று அடம்பிடிக்கும் நம் மாணவர்கள் அவரை நினைவில் கொள்வார்களாக.

அன்று அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்திய அணிக்கு எதிராகவே முழங்கியது. அவ்வேளையில் இந்தியாவுக்காகக் குரல் எழுப்பியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று அவ்வாட்டத்தில் ஆடியோர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர். ஆயிரக்கணக்கான எதிர்ப்புக் குரல்களுக்கிடையே ஒரு சில ஆதரவுக் குரல்கள் ஆண்டுகள் பல கடந்தும் ஆட்டக்காரர் நெஞ்சில் நிலைத்திருக்கின்றன என்றால், பார்வையாளரின் இடம் எத்தகையது என்பதை உணரலாம்.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரும் ஆசிரியரே. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடத்தக்க ஆட்டமொன்றைத் தம் மாணவர்களுக்குத் தர எண்ணிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை வகுத்தார். ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியே அவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, நம் நாட்டு உடற்கல்விக்கே நாற்றங்காலாக அமைந்தது.

பெருநகரங்களில்தான் இத்தகைய விளையாட்டுகள் தழைக்கும் என்பதும் சரியன்று. தேனி மாவட்டத்துப் பெரியகுளம் சிற்றூரை ஒத்த நகரமே. அங்குள்ள சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் பல்லாண்டுகளாகக் கோடைதோறும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தி, நாட்டின் முன்னணி அணிகளை வரவழைக்கிறது. ஊர் மக்கள் இரவு நேரத்தில் திரண்டு வந்து ஆட்டம் காண்கின்றனர். பெரியகுளத்தால் இயன்றது திருவண்ணாமலையால் இயலாதா?

மகளிர் அணி

இனி நான் சொல்லப்போவதைச் சமுதாயப் பெரியோர்கள் பொறுமையுடன் செவிமடுக்க வேண்டுகிறேன். நம் மாணவியருக்கு மாலைநேரத் திடல் இன்னும் எட்டாத இடமாகவே உள்ளது. விளையாட்டு விழா நாளில் ஓட்டப் பந்தயமும் கோலப் போட்டியும் அவர்களுக்குப் போதும் எனக் கருதுகிறோம். ‘பெண்களுக்குப் பந்தாட்டம் எதற்கு?’ என்ற வினாவும் அவ்வப்போது எழுகிறது.

தமிழ் இலக்கியத்தைப் பயின்றோர் இவ்வினாவைக் கேட்டு வியப்படைவர். ஏனெனில், நம் இலக்கியத்தில் பந்து பெரும்பாலும் மகளிர் கையிலேயே காணப்படுகிறது. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் மகளிர் பந்தடித்துப் பாடும் கந்துகவரி இடம்பெறுகிறது. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையில் மகளிரின் பந்தாட்டத் திறனை விரித்துரைக்கவே ‘பந்தடி கண்டது’ என்னும் தனிப்பகுதி உண்டு. திருக்குற்றாலக் குறவஞ்சியின் தலைவி வசந்தவல்லி பந்தாடும் அழகைத் தமிழுலகம் நன்கறியும். பெண்ணிடமிருந்து பந்தைப் பறித்தது நம் மரபன்று, இடைக்காலத்து வழக்கமே.

மார்க்கமும் இதற்குத் தடையன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்போட்டியில் ஈடுபட்டார்கள் என்பதும், முதல்முறை அன்னையாரே முந்தினார்கள் என்பதும் நாம் அறிந்த செய்தி. கண்ணியமான உடையும் பாதுகாப்பான சூழலும் வேண்டும் என்னும் பெற்றோரின் கவலை நியாயமானது. அக்கவலைக்கு விடையும் கிடைத்துவிட்டது. கால்பந்து விதிகளை வகுக்கும் உலக அமைப்பு 2014இல் ஹிஜாபை முறைப்படி அனுமதித்தது. 2023 மகளிர் உலகக்கோப்பையில், தென்கொரியாவை 1-0 என வென்ற மொராக்கோ அணியின் தடுப்பாட்டக்காரர் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்தே ஆடினார்.

கூடைப்பந்தில் இவ்வனுமதி எளிதில் கிட்டவில்லை. அவ்விளையாட்டு பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரைச் சேர்ந்த பில்கிஸ் அப்துல் காதிர், பள்ளி ஆட்டங்களில் 3,070 புள்ளிகள் குவித்து மாநிலச் சாதனை படைத்தவர். ஹிஜாப் அணிந்து மெம்பிஸ் பல்கலைக்கழக அணியில் ஆடினார். கல்வி முடிந்து தொழில்முறை ஆட்டத்திற்குச் செல்ல முனைந்தபோது, தலையை மறைத்து ஆடக்கூடாது என்ற பன்னாட்டு விதி அவரைத் தடுத்தது. அவரும் அவரைப் போன்றோரும் தொடர்ந்து போராடியதன் பயனாக 2017இல் அவ்விதி நீக்கப்பட்டது. உலகம் திறந்துவிட்ட கதவை நம் வீட்டுப் பெண்களுக்கு நாமே சாத்தி வைப்பது தகுமா?

நம் தமிழ்நாட்டிலும் சான்று உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை இளம் வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்து அணியின் தலைவியானவர். தாயான பின்பும் களம் திரும்பி நாட்டுக்காக ஆடியவர். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

விலைக்கு வாங்கும் வெற்றி

கோப்பைகளைக் குவிக்க ஒரு குறுக்குவழியும் உண்டு. வசதி மிக்க கல்வி நிறுவனங்கள் மாநிலமெங்கும் தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தேடிக் கல்விக்கட்டணச் சலுகையும் விடுதி வசதியும் தந்து சேர்த்துக்கொள்கின்றன. ஏழை மாணவர் ஒருவருக்கு விளையாட்டால் பட்டப்படிப்பு வாய்க்குமானால் அதை நான் மனமார வரவேற்பேன். ஆனால் வகுப்பறையையே காணாத ஆட்டக்காரரைக் கொண்டு பெறும் கோப்பை, பிறர் எழுதித் தந்த கட்டுரைக்குப் பெறும் பரிசைப் போன்றது.

இப்பாதையின் மறுமுனையை அமெரிக்காவில் காணலாம். அங்குக் கல்லூரி ஆட்டங்களைக் காண இலட்சம் பேர் கூடும் அரங்குகள் உள்ளன. 2021 முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருளீட்டலாம். 2025 முதல் கல்லூரிகளே நேரடியாக வருவாயில் பங்கு தருகின்றன. பிறர் உழைப்பால் கோடிகள் புரளும்போது உழைத்தவருக்குப் பங்கு தருவது நீதியே. எனினும் அந்நாட்டின் பணத்தை நாம் பின்பற்ற இயலாது. தம் கல்லூரி அணியைத் தம் உறவாகக் கருதும் அம்மக்களின் பற்றைப் பின்பற்றலாம். அதற்குச் செலவில்லை.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, துறைதோறும் ஓர் அணி வேண்டும். தமிழ்த்துறைக்கும் வணிகவியல் துறைக்கும் ஆண்டுதோறும் கால்பந்து ஆட்டம் நடக்கட்டும். பதினைந்து பேர் ஆடும் கல்லூரியில் நூற்றைம்பது பேர் ஆடுவர். அவர்களிடையே புதிய திறமைகள் வெளிப்படும்.

இரண்டாவதாக, மாணவியருக்கெனக் கூடைப்பந்துக் களத்தில் வாரம் மூன்று மாலைகளை ஒதுக்க வேண்டும். பெண் பயிற்சியாளரும், வெளியூர் ஆட்டங்களுக்கு உடன்செல்ல ஒரு பேராசிரியையும் இருந்தால், மறுக்கும் பெற்றோர் சிலராகவே இருப்பர்.

மூன்றாவதாக, கல்லூரிக்காக ஆடச் சென்ற மாணவர்க்கு வருகைப் பதிவு வழங்குவதோடு நில்லாமல், தவறிய பாடங்களை மீண்டும் நடத்தித் தருவது ஆசிரியர் கடமையாக வேண்டும். பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சிறப்புக்கு 1956-57இல் ஏற்படுத்தப்பட்ட கோப்பை, அந்நாளில் கல்வியமைச்சராக விளங்கிய மௌலானா அபுல் கலாம் ஆசாத் பெயரையே தாங்கி நிற்கிறது. பேரறிஞர் ஒருவரின் பெயரால் விளையாட்டுக் கோப்பை வழங்கும் நாட்டில், படிப்பும் ஆட்டமும் பகையென எண்ணுதல் பொருந்தாது.

நிறைவாக, கேடயங்களை அன்பளிப்பாக வழங்கும் பெரியோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேடயம் அலமாரியில் உறங்கும். அதே பொருளில் பத்து மாணவர்க்குக் காலணியோ, கூடைக்கு வலையோ, திடலுக்குக் குடிநீர்த் தொட்டியோ வழங்கினால் அது நாள்தோறும் பயன்படும். அதனினும் பெரிய அன்பளிப்பு ஒன்று உண்டு. அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பும் வழியில் அரைமணி நேரம் எங்கள் திடலோரம் வந்து நில்லுங்கள். உங்கள் பேரன் ஆடுவதையும், ஒருநாள் உங்கள் பேத்தி ஆடுவதையும் பாருங்கள். வென்றால் வாழ்த்துங்கள், தோற்றால் தோளில் தட்டிக்கொடுங்கள். அந்நாளே நம் அணி உண்மையில் நம் அணியாகும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!